ஒரு சுத்தியலைத் தங்கள் பொறுப்பில் விடுவது தொடர்பாக

இணுவில் கிழக்கு,
வெள்ளிக்கிழமை, முற்பகல் 9.40

பெருமதிப்புக்குரிய சம்பந்தி முத்துக்குமாரு அவர்கட்கு,

இணுவில் கந்தன் துணையால் இங்கே நான், மனைவி உதயகலா, மகள் தக்சாயினி, தங்கள் மகனும் எங்கள் மருமகனுமாகிய சிவகரன் எல்லோரும் சுகம். சுவர்களுக்குத்தான் சுகமில்லை. அளவெட்டியில் தாங்களும் தங்கமுத்து அக்காவும் கறவை மாடும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க, இக்கடிதத்துடன் ஒரு பொதி வருகிறது. ஓட்டோக்கார நிருஷன் கொண்டுவந்து தருவார். நிறை 1 கிலோ 340 கிராம். மூன்று தரம் நிறுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தவன் நிறை போடாமல் பொதி அனுப்பினால் கை கூசும். உள்ளே இருப்பது என்னுடைய சுத்தியல். எங்கள் மகளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை அதைத் தங்கள் வீட்டில், தங்கள் மகனின் கண்ணில் படாத ஓரிடத்தில் வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுக்கொட்டில் நல்லது. சிவகரன் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தக்சாயினி கேட்டாலும் கொடுக்க வேண்டாம். நானே வந்து கேட்டால், எதற்கு என்று ஆறுதலாக விசாரித்துவிட்டுக் கொடுக்காமல் விடவும்.

ஆறு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம், தொலைபேசியில் சொல்லலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் நான் கதைப்பது இந்த வீட்டில் எனக்கும் கேட்கிறவருக்கும் மட்டும் உரியதாக இருப்பதில்லை. சென்ற மாதம் மின்சாரசபைக்கு எடுத்து, எங்கள் கம்பத்து வயர் தொய்ந்து கிடக்கிறது என்று முறையிட்டேன். மகள் பின்னால் நின்று அதைப் படம் பிடித்து, 'வயர்களை மறைக்க ஐந்து வழிகள்' என்பதற்கு முன்னுரையாகப் போட்டுவிட்டாள். நேரில் வரலாம்தான். ஆனால் நேரில் வந்தால் தாங்கள் கட்டிலைப் பற்றி விசாரிப்பீர்கள். கட்டில் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். இப்போது வீட்டில் நான் தனியே இருக்கிறேன். மற்ற மூவரும் காலை ஏழு மணிக்கே கிளினிக்குக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஒரு கிளினிக்குக்குப் போக எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்டேன். கமராச் சாமான் என்றார்கள். கிளினிக்கையும் அலங்கரிக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேனையை எடுத்தேன்.

மகளின் தொழில் தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முறைக்காகச் சொல்கிறேன். இணையத்தில் 'எங்கடை வீடு' என்று ஒரு வலைப்பூ வைத்திருக்கிறாள். வீட்டை இடித்துக் கட்டாமல், இருக்கிறதை வைத்தே எப்படி வடிவாக்கலாம் என்று எழுதுகிறாள், படம் போடுகிறாள், சில நாட்களில் தானே நின்று கதைத்து வீடியோவும் போடுகிறாள். பத்தொன்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். எங்கள் குசினிப் புகைக்கூட்டை என்னைவிடச் சூரிச்சில் இருப்பவர்கள் அதிக தரம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபிக்க வழியும் இல்லை. வீட்டைச் சீதனமாக அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தவன் நான், சாட்சிக்குக் கையெழுத்து வைத்தவர் தாங்கள். 'சகல உரிமைகளுடனும்' என்று நொத்தாரிசு உறுதிப்பத்திரத்தை வாசித்தபோது நாங்கள் இரண்டுபேரும் தலையாட்டினோம். அந்த உரிமைகளுக்குள் நான் தேத்தண்ணி குடிக்கிற மூக்குப்பேணியில் மணிபிளாண்ட் வளர்ப்பதும் அடங்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த நாள் முதல் அவளுக்கு இரண்டு வேலை. ஒன்று பிள்ளையைச் சுமப்பது. மற்றது, பிள்ளை வெளியே வரமுன் 'வரவுக்கு ஓர் அறை' என்ற தலைப்பில் பன்னிரண்டு பகுதிகள் எழுதி முடிப்பது. வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாளாம். இரண்டில் எதற்குக் கடைசித் தேதி முந்தியது என்று சில நாட்களில் எங்களுக்கே குழப்பமாக இருக்கும். காலையில் சத்தி எடுத்து வாயைக் கொப்பளித்த கையோடு கமராவைத் தூக்குவாள். இரத்த அழுத்தம் பார்க்க வருகிற மிட்வைவ் வித்தியா கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, திரைச்சீலைக்கு மஞ்சள் நல்லதா வெள்ளை நல்லதா என்று அவரிடம் விசாரிப்பாள். அவரும் அழுத்தத்தைக் குறித்து வைத்துவிட்டு, மஞ்சள் என்று சொல்லிவிட்டுப் போவார். அறையென்று அவள் தெரிவு செய்தது என்னுடைய அறை. கிழக்கு வெளிச்சம் அங்கேதான் விழுகிறதாம். முப்பது வருடமாக அந்த வெளிச்சம் என்னுடைய கண்ணில்தான் விழுந்தது, அதை ஒருவரும் பாராட்டவில்லை. நான் பாயையும் தராசையும் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்துவிட்டேன்.

அறையைக் கொடுத்தபோது ஒரேயொரு நிபந்தனை வைத்தேன். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுவர் இடிக்கக்கூடாது, நிலம் கிண்டக்கூடாது. பிள்ளை பிறந்து முகம் பார்க்கமுன் அதற்கென்று ஒரு சாமானும் வாங்கக்கூடாது. இது நான் உண்டாக்கிய சட்டம் இல்லை, எங்கள் ஆட்கள் காலம் காலமாகப் பார்த்துவருவது, தாங்களும் அறிவீர்கள். உதயகலா மட்டும், தக்சாயினி தன் வயிற்றில் இருக்கும்போது நானே கோழிக்கூடு அடித்ததை ஞாபகப்படுத்தினாள். அது ஷெல் விழுந்த காலம், அப்போது விதிகளுக்கு விடுமுறை என்று விளக்கினேன். மகள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஓம் அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில், அறைத் தொடருக்கு மேலதிகமாக, 'ஆணியில்லா வீடு' என்று இன்னொரு தொடரைத் தொடங்கிவிட்டாள். முதல் படத்திலேயே நான் இருந்தேன், கையை நீட்டி ஆணி அடிக்க வேண்டாம் என்று மறித்துக்கொண்டு. இப்போது என்னைக் கனடாவில் ஆணி அப்பா என்று சொல்கிறார்களாம்.

அதன் பிறகு இந்த வீட்டில் நடந்தவற்றை வரிசையாக எழுதினால் கடிதம் பொதியைவிட நிறை கூடிவிடும், ஆகையால் முக்கியமானவற்றை மட்டும் எழுதுகிறேன். ஆணி இல்லாத வீட்டில் சாமான்களை எப்படி மாட்டுவது என்று யோசித்து, ரவுனில் இருந்து ஒட்டுக்கொழுக்கி வாங்கி வந்து யன்னல் அளவான ஒரு கண்ணாடியைச் சுவரில் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு கொழுக்கியும் இரண்டு கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது, சித்திரை வெயிலைப் பற்றிப் பெட்டியில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. பிற்பகல் இரண்டேகாலுக்குப் பசை இளகி, கண்ணாடி சுவரோடு சுவராக வழுக்கிக்கொண்டு இறங்கி, கீழே உதயகலா வைத்திருந்த செத்தல் மிளகாய்ச் சுளகில் குந்தியது. கண்ணாடிக்கு ஒன்றும் நடக்கவில்லை, மிளகாய் நொருங்கிவிட்டது, நாங்கள் நாலு பேரும் பொழுது படும்வரை தும்மினோம். பிள்ளைத்தாச்சி இப்படித் தும்மலாமா என்று நான் தும்மித் தும்மி வித்தியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொழுக்கி சரிவராது என்று கண்டதும் மயிலிட்டிக் கடற்கரையில் இருந்து மீன்வலைக் கயிறு எடுத்து வந்து, கூரை வளைகளில் முடிந்து, பலகைத்தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். பார்க்க வடிவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மின்விசிறியைப் போட்டால் தட்டு ஆடுகிறது. சுவாமிப் படத்தை வைத்த தட்டும் ஆடியது. அன்று வெள்ளிக்கிழமை. தேங்காய் இரவல் கேட்டு வந்த அயல்வீட்டுச் சுவர்ணா, முருகனும் வள்ளி தெய்வானையும் மெல்ல மெல்ல ஆடுவதைக் கண்டு, வந்த காரியத்தை மறந்து கைகூப்பி ஊஞ்சற்பாட்டு முழுவதையும் பாடி முடித்தார். அவரை இடையில் மறிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் வருகிறார், கூட இரண்டு பேரை அழைத்து வருகிறார், உதயகலா சுண்டல் அவிக்கிறாள். தேங்காய் இன்னும் இரவல்தான்.

பிறகு, பின்கொட்டிலில் காற்றுப்படத் தூக்கியிருந்த விதை வெங்காயப் பிடிகளைக் கொண்டுவந்து இயற்கை அலங்காரம் என்று ஹோலில் தொங்கவிட்டாள். சென்ற போகம் தோட்டத்தில் நட்டபோது முளைக்க மறுத்த வெங்காயம், ஹோலில் என்னுடைய பாய்க்கு நேரே மேலே நின்று பச்சைப் பசேலென்று முளைத்தது. இன்னொரு விடயத்தையும் தங்களுக்குச் சொல்ல வேண்டும். அறைக்குள் எதை வைத்தாலும் இரண்டிரண்டாக வைக்கிறாள். இரண்டு பனையோலைக் கூடை, இரண்டு சின்ன விளக்கு, யன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. பிள்ளைக்கு எதற்கு இரண்டு கூடை என்று கேட்டதற்கு, சோடியாக வைத்தால் கண்ணுக்கு அமைதி, இது வீட்டலங்காரத்தில் முதல் பாடம் என்றாள். தங்கமுத்து அக்காவும் பிள்ளைத்துணிக்கென்று தோய்த்து மடித்த பழைய வேட்டிகளை இரண்டு கட்டாக அனுப்பியிருந்தார். பழையது வாங்கிய சாமான் ஆகாது என்றபடியால் அதை நான் அனுமதித்தேன். சம்பந்தி வீட்டாரின் தாராள மனம் என்று உதயகலாவிடம் பாராட்டியும் சொன்னேன். அவள் ஏனோ குசினிக்குள் எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்தது தொட்டில். கொழும்பில் ஒரு தளபாடக் கடைக்காரர், தன்னுடைய தொட்டிலை அறைத் தொடரில் காட்டும்படி, கழற்றிய துண்டுகளாக ஒரு பெரிய பெட்டியில் அனுப்பிவிட்டார். பெட்டி படலையடிக்கு வந்தபோது நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் நின்றேன். அப்பா, வாங்கக்கூடாது என்றுதானே சொன்னீர்கள், இது சும்மா வந்தது என்று மகள் வாதாடினாள். உள்ளே நாற்பத்தெட்டுத் திருகாணி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தது. திருகாணி, ஆணிக்கு ஒன்றுவிட்ட அண்ணை என்று நான் சொன்னேன். முடிவு காணமுடியாமல் கோயில் ஐயரிடம் போனேன். அவர் நெடுநேரம் யோசித்து, என்ன மரம் என்று கேட்டார், பிறகு இதை வீட்டில் மனைவியிடம் கேட்பது நல்லது என்றார். மனைவியிடம் கேட்டேன். அடுப்பில் பருப்பு நிற்கிறது என்றாள். கடைசியில் பெட்டியைச் சுவர்ணா வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தோம். அங்கே அவருடைய கோழி ஒன்று அதற்குள் புகுந்து அடைகிடந்து எட்டுக் குஞ்சு பொரித்துவிட்டது. மகள் அதைப் படம் எடுத்து, தொட்டிலின் முதல் விருந்தினர் என்று போட்டாள். கடைக்காரருக்கு மெத்தச் சந்தோசமாம். இன்னொரு பெட்டி அனுப்பட்டா என்று கேட்டிருக்கிறார்.

இந்த வலைப்பூவில் கருத்து எழுதுகிறவர்களில் 'மாங்கொழுந்து' என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். எந்தத் தேசத்தில் இருக்கிறாரோ தெரியாது, வேறு வேலை இல்லாதவர் என்பது மட்டும் நிச்சயம். மகள் எதைப் போட்டாலும் கால்மணித்தியாலத்துக்குள் ஒரு யோசனையோடு வந்துவிடுவார். என்னைப் பற்றியும் எழுதுவார். ஆணி அப்பாவுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுங்கோ, ஆள் மெலிஞ்சு போனார் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு இஞ்சித் தேத்தண்ணி கிடைத்தது உண்மை. ஆனாலும் தங்கள் கட்டில் விடயத்தில் வினை விதைத்தவர் இந்த மாங்கொழுந்துதான் என்பதை இப்போதே குறித்துவைக்கிறேன். கட்டில் பற்றிப் பின்னர்.

நேற்று மத்தியானம் நடந்ததுதான் இந்தப் பொதியை அனுப்பக் காரணம். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள்ளே இருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. சவர்க்கார நுரையோடு, கட்டிய துண்டோடு ஓடினேன். ஓடும்போது வாழை வாய்க்காலில் தடக்கி விழுந்து, எழும்பி, முழங்காலில் இரத்தத்தோடு குசினிக்குள் போய் நின்றால், உதயகலா உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதயகலா உலக்கையை வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இனி மூச்சு விடுறதெண்டாலும் உங்களைக் கேட்டுத்தான் விடவேணுமோ?" என்றாள். அப்போதே முடிவெடுத்தேன். சுத்தியல் இந்த வீட்டில் இருக்கும்வரை எனக்கு நித்திரை இல்லை. எட்டு மாதமாக அதைப் படுக்கைக்குக் கீழே வைத்துப் படுக்கிறேன், முதுகிலும் தழும்பு விழுந்துவிட்டது.

இனி உண்மையை எழுதுகிறேன், சம்பந்தி. எங்கள் ஆட்களின் வழக்கம் என்று மேலே எழுதியது சரிதான், ஆனால் நான் அதைப் பிடித்துத் தொங்குவது வழக்கத்துக்காக இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதம் தக்சாயினிக்கு மூன்று மாதமாக இருந்து கலைந்துபோனது தாங்கள் அறிந்தது. அதற்கு ஒன்பது நாளைக்கு முன்னர், படம் எடுக்கிறதற்கு ஒரு தட்டு அடித்துத் தாங்கோ அப்பா என்று அவள் கேட்டாள். இப்போது பிள்ளைக்கென்று கொடுத்த அதே அறைச் சுவரில் நான் ஆறு ஆணி அடித்தேன். நல்ல இறுக்கமாக அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். இதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர், இப்படிச் சிலவேளை நடக்கிறது, இதில் யாருடைய பிழையும் இல்லை என்று விளங்கப்படுத்தினார். புத்திக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை. தாங்கள் இருவரும் வந்திருந்தீர்கள். அக்கா உள்ளே அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தார். தாங்கள் வெளியே என்னோடு ஒரு மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். அந்த மாதம் மழையே பெய்யவில்லை. அதற்கு இன்றைக்கும் தங்களுக்கு நன்றி உடையவனாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஆணியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துக் கதைத்திருப்பேன். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஆறு ஆணியையும் குறட்டால் கழற்றி, ஓட்டைகளைப் பூசி, மேலே வெள்ளை அடித்தேன். மகள் போடுகிற படங்களில் அந்தச் சுவர் வரும்போது பத்தொன்பதாயிரம் பேரும் யன்னலைப் பார்க்கிறார்கள், நான் அந்த ஆறு இடத்தையும் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது, சம்பந்தி. இந்த ஒரு மாதமும் ஒழுங்காகக் கழிந்தால் காணும். ஆகையால் சுத்தியலைத் தயவுசெய்து வைத்திருக்கவும்.

கட்டில் பற்றி. தாங்கள் கலியாணத்துக்கு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிய முதிரை மரக் கட்டில் இப்போது பச்சை நிறத்தில் இருக்கிறது. அதை எந்த நிறமாக்கலாம் என்று மகள் வாசகர்களிடம் கேட்டாள். மரத்தின் கபில நிறமாகவே விடலாம் என்று எழுதியவர்கள் நாற்பது பேர், அதில் ஒருவன் நான். பச்சைதான் வேண்டும் என்று மாங்கொழுந்து ஒற்றைக்காலில் நின்று, மற்றவர்களையும் தன் பக்கம் இழுத்துவிட்டார். பெயின்ற் மணம் பிள்ளைத்தாச்சிக்குக் கூடாது என்றபடியால், முற்றத்தில் வைத்து அடித்தவன் நான். இரண்டு பூச்சு. முதிரைக்குப் பச்சை அடித்த பாவம் எந்தச் சாத்திரத்தில் வருகிறது என்று பார்த்தேன், வரவில்லை. இருந்தாலும் மன்னிக்கவும். கட்டில் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது.

தங்கள் தோட்டத்துக்கு அளவான மழையும், மாட்டுக்குப் பசும்புல்லும், தங்கமுத்து அக்காவின் முழங்காலுக்குப் பொருத்தமான எண்ணெயும் கிடைக்க இணுவில் கந்தனை வேண்டிக்கொண்டு, பொதி கிடைத்ததற்கு ஒரு வரி எழுதி நிருஷனிடமே கொடுத்துவிடும்படி கேட்டு அமைகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புக்கும் பொறுமைக்கும் உரிய,
க. பரமலிங்கம்
(ஓய்வுபெற்ற உப தபாலதிபர்)

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.10. எழுதி முகவரி போட்ட கடிதத்தைக் கிழிப்பது எங்கள் உத்தியோகத்தில் இல்லாத பழக்கம், ஆகையால் மேலே உள்ளதை அப்படியே விட்டு மேற்கொண்டு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நிருஷன் பொதி எடுக்க வரவில்லை. அவர்தான் மூவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். போனது கிளினிக்குக்கு இல்லை, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துப் போயிருக்கிறார்கள், அந்தப் பையில் கமராவும் இல்லை. பதினொன்று இருபதுக்குச் சிவகரன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெண் ஒன்று, 2 கிலோ 150 கிராம். ஆண் ஒன்று, 2 கிலோ 40 கிராம். இரண்டாவது நிறையைக் கேட்டதும், முதலில் சொன்னது பிழையா என்று கேட்டேன். இல்லை மாமா, அது மற்றப் பிள்ளை என்றார். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

இரட்டைப்பிள்ளை என்பது ஐந்தாம் மாதமே மிட்வைவ் வித்தியாவுக்குத் தெரியுமாம், உதயகலாவுக்குத் தெரியுமாம், நிருஷனுக்குத் தெரியுமாம், ஊஞ்சற்பாட்டுக்கு வருகிற மூன்று பேருக்கும் தெரியுமாம். தங்களுக்கும் தங்கமுத்து அக்காவுக்கும் தெரியுமாம். தெரியாதவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். ஒரு பிள்ளைக்கே இந்த மனிதன் எங்களை மிளகாய் இடிக்க விடுகிறாரில்லை, இரண்டு என்றால் படுக்கையில் விழுந்துவிடுவார் என்று மகள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் அவளைக் காவல் காத்துக்கொண்டிருந்த எட்டு மாதமும் அவள் என்னைக் காவல் காத்திருக்கிறாள். மாங்கொழுந்து யாரென்பதையும் உதயகலா சொன்னாள். அக்காவுக்கு இஞ்சித் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லவும். பச்சை நிறம், பார்க்கப் பார்க்க, பரவாயில்லை.

பொதி விடயம். உதயகலா நேற்று வீட்டுக்கு வந்து, தாங்கள் அனுப்பிய வேட்டிகளை விரித்துப் பார்த்துவிட்டு, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு முதல், பிள்ளைகளை வளர்த்தத் துணி ஏணை கட்ட வளையில் கொழுக்கி வேண்டும், ஒன்றல்ல இரண்டு வேண்டும், சுத்தியல் எங்கே என்று கேட்டாள். நான் பொதியைக் காட்டினேன். மேலே தங்கள் பெயரைக் கண்டுவிட்டு நூலை அவிழ்த்தாள். சிவகரன் வந்து அடிக்கட்டும் என்றேன். இல்லை, தக்சாயினி உங்களைத்தான் அடிக்கச் சொன்னவள் என்று தொலைபேசியை எடுத்து என்னுடைய காதில் வைத்தாள். மகளின் குரல் களைத்துப் போயிருந்தது. "அப்பா, அந்த ஆறு ஓட்டையும் நீங்கள் பூசின அண்டைக்கே நான் கண்டனான்," என்றாள். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை. ஏணிக்கு மேலை ஏறுங்கோ." எனக்குக் கண் தெரியவில்லை, ஆனாலும் ஏறினேன்.

இப்போது வருகிற பொதியில் சுத்தியல் இல்லை, கற்கண்டு இருக்கிறது. மேலே நிறை எழுதிவிட்டபடியால் 1 கிலோ 340 கிராம் சரியாகப் போட்டிருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியதையும் இரத்துச் செய்கிறேன். கொழுக்கி இரண்டும் ஏறிவிட்டன, வளை வெடிக்கவில்லை, அயலில் நாய்கூடக் குரைக்கவில்லை. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கடைசி அடிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, வலைப்பூவுக்குச் சத்தம் சரியாகப் பதிவாகவில்லை, இன்னொருக்கா அடியுங்கோ அப்பா என்றாள். அடித்தேன்.